யாருக்கும் கேட்காத பேஸ் கிட்டார்

சனிக்கிழமை, இரவு

நாளை கினிகத்தேனையில் ஒரு கல்யாண வீட்டில் எங்கள் இசைக்குழு வாசிக்கிறது. இன்று மாலை ஒத்திகைக்குப் போனதுமே, குழுவை நடத்தும் செல்வம் அண்ணன் பேச்சைத் தொடங்கினார்.

"தங்கச்சி, ஒன் பேஸ் கிட்டார் வெளிய யாருக்குமே கேக்குறதில்ல. நான் கீபோர்ட்லயே சமாளிச்சுக்குவேன். நாளைக்கு நாங்க மட்டும் போயிட்டு வர்றோம்."

எனக்கு முகம் சுண்டிப்போனது. கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் இதுவரை சத்தத்தைத்தான் கூட்டுவேன். மண்டபம் அதிரும், ஸ்வரம் தெரியாது. இன்று ஸ்வரம் தெளிவாகக் கேட்கும்படி ஆம்ப்ளிஃபயரில் கனத்த அடிச்சத்தத்தைக் குறைத்து, நடுச்சத்தத்தை ஏற்றினேன். பிறகு துணிந்து கேட்டுவிட்டேன்.

"அண்ணே, ஒரே ஒரு பாட்டுக்கு ஒங்க இடது கைய எடுத்துருங்க. நான் வாசிக்கிற அதே கீழ்ஸ்தாயியிலதான் அதுவும் வாசிக்குது, என் சத்தம் அதுல அமுங்கிப்போகுது."

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் இடது கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பாட்டு தொடங்கியதும் என் ஒவ்வொரு ஸ்வரமும் தனியாகக் கேட்டது. சரணத்தில் டிரம்ஸ் வாசிக்கும் ரவி சட்டென்று நிறுத்தினான்.

"அக்கா, அந்த எடத்துல தப்பா வாசிக்கிறீங்க."

"ஆமா, தப்புதான்," என்றார் செல்வம் அண்ணன். "காலையில எட்டு மணிக்கு வேன் வரும். அதுக்குள்ள சரிபண்ணிக்கிட்டு வா."

வீட்டுக்கு வந்து விரல் காந்தும்வரை வாசித்தேன். இப்போது சரியாக வருகிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆறு மாதமாக அந்த இடத்தைத் தப்பாகவே வாசித்து வந்திருக்கிறேன். இன்றுதான் அது ஒருவருக்குக் கேட்டிருக்கிறது.