என் சாவுக்கு ஒரு கம்பளிக் கூடாரம்

அனுப்புநர்:
பெய்ஷனலி துய்ஷெயெவ்,
ஓய்வு பெற்ற கொதிகலன் ஆப்பரேட்டர்,
பதினேழாம் கட்டடம், நான்காம் மாடி,
ரயில் நிலையச் சாலை,
ஆக்-கெச்சூ நகரம், கிர்கிஸ்தான்.

பெறுநர்:
குடியிருப்பு வளாகப் பராமரிப்பு அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், ஆக்-கெச்சூ.

பொருள்: என் இறுதிச் சடங்குக்காகக் கட்டட முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட முன் அனுமதி வேண்டியும், தங்கள் கிடங்கில் உள்ள எங்கள் கூடாரத்தைத் திருப்பித் தரக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

மேலே பொருளில் பிழை எதுவும் இல்லை. இறுதிச் சடங்கு என்னுடையதுதான். நான் இன்னும் இறக்கவில்லை. ஆனால் நுரையீரல் கெட்டுவிட்டது. "பனி விழறதுக்குள்ள சொந்தக்காரங்க வந்து பாத்துட்டுப் போறது நல்லதும்மா" என்று மருத்துவர் என் மகள் பூரூலிடம் வெளியே நின்று சொன்னார். கதவைச் சாத்தவில்லை. காது எனக்கு நன்றாகவே கேட்கும்.

1. முற்றங்களில் கூடாரம் போடுவதானால் நிகழ்ச்சிக்குப் பத்து வேலை நாட்கள் முன்பே, நிகழ்ச்சி நாளைக் குறிப்பிட்டு, விண்ணப்பிக்க வேண்டும் என்று இந்த வசந்தத்தில் தாங்கள் உத்தரவிட்டீர்கள். கல்யாணத்துக்கு இது சரி. சாவுக்கு எந்தக் குடும்பம் பத்து நாள் முன்னால் வந்து வரிசையில் நிற்கும்? உயிரோடு இருப்பவனுக்குச் சாவுக் கூடாரம் கேட்டால் அது அவனைச் சாகச் சொல்வதாகும். மகனும் கேட்க முடியாது, மனைவியும் கேட்க முடியாது. கேட்கக்கூடியவன் சாகப்போகிறவன் ஒருவன்தான். ஆகவே நானே கேட்கிறேன்.

2. கூடாரம் இல்லாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று தங்கள் அலுவலகத்தில் ஓர் இளைஞர் என்னைக் கேட்டார். இரண்டாம் மாடி குபாத்தின் சாவில் நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டுத் தாங்களே சொல்லுங்கள்.

குபாத் கோடையின் தொடக்கத்தில் திடீரென்று இறந்தான். எங்கள் கட்டடத்துக்கென்று பொதுவாக ஒரு கூடாரம் உண்டு, நிலவறையில் வைத்திருந்தோம். முதல் மாடி வேரா ஸ்தெபானோவ்னாவின் பூச்செடிகள் இருக்கும் இடத்தில்தான் எப்போதும் போடுவோம். அந்த அம்மாள் ரஷ்யர். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "பூ அடுத்த வருஷமும் பூக்கும். இறக்குங்க, இறக்குங்க" என்று அவரே தண்ணீர்க் குழாயை நகர்த்திக் கொடுத்தார். குபாத்தை உள்ளே கிடத்தினோம். பெண்கள் வழக்கப்படி கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி தொடங்கினார்கள். ஆண்கள் நாங்கள் இடுப்பில் கச்சை கட்டி, கோல் ஊன்றி, வாசலில் நின்றோம்.

மறுநாள் காலை தங்கள் ஆய்வாளர் வந்தார். வெளிவாசலிலேயே எங்களைப் பார்த்துவிட்டார். பார்த்ததும், சாவு வாசலுக்கு அழுதுகொண்டே வருவது பிறந்ததிலிருந்து பழகியது அல்லவா, "அய்யோ என் அண்ணே! என் தோள் போச்சே!" என்று உரக்க அழுதுகொண்டே ஓடி வந்து எங்கள் ஒவ்வொருவரையும் கட்டிக்கொண்டார். குபாத் யார் என்றே அவருக்குத் தெரியாது. நன்றாகத்தான் அழுதார், குறை சொல்ல முடியாது. உட்கார வைத்து, பொரித்த ரொட்டியும் தேநீரும் கொடுத்தோம். சாப்பிட்டு, கையேந்தி இறந்தவனுக்காக வேண்டிக்கொண்டார். பிறகுதான் பையிலிருந்த தாள் அவருக்கு நினைவுக்கு வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. மேல எழுதிக் குடுத்தாங்க, நான் கொண்டாந்தேன். பிரிக்காமப் போனா என் வேலை போயிடும்" என்றார். இந்த மனு அவர் மீதான புகார் அல்ல. அவருக்கும் பிள்ளை குட்டிகள் இருக்கின்றன.

குபாத்தை மாடிக்குத் தூக்கிப் போனோம். நகராட்சி ஆட்கள் கூடாரத்தின் மேலிருந்து கம்பளியை உரித்தார்கள். பெண்கள் எழுந்திருக்கவில்லை. வெறும் மரச் சட்டத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதையும் கிடங்குக்குக் கொண்டுபோக மடித்தபோது குபாத்தின் மனைவி திரும்பிப் பார்த்து, "சுவரையாவது விட்டுட்டுப் போங்கப்பா" என்றாள். ஐயா, நான் நாற்பது வருடம் கொதிகலன் முன்னால் நின்றவன். என் முகம் எதற்கும் சட்டென்று மாறாது. அன்று மாறியது.

அதன் பிறகு வீட்டுக்குள் நடந்தது துக்கமே அல்ல. வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் நின்று நிலக்கரி விலை பேசினார்கள். யார் எங்கே உட்காருவது, எப்போது அழுவது, எப்போது எழுந்து போவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கூடாரத்தில் இறந்தவனின் மனைவிக்கு ஒரு வேலையும் கிடையாது. அழுவது மட்டும்தான் அவள் வேலை, மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும். வீட்டில் அவள் வீட்டுக்காரி ஆகிவிட்டாள். தன் புருஷன் சாவுக்கு வந்தவர்களுக்குத் தானே தேநீர் ஊற்றினாள். பெண்கள் குரல் எடுத்தபோது எங்கள் கட்டடத்திலேயே பக்கத்துப் படிக்கட்டு வழி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த யாரோ, சத்தம் வேண்டாமென்று வெந்நீர்க் குழாயில் கரண்டியால் தட்டினார்.

சாயங்காலம் மலை மேய்ச்சலிலிருந்து குபாத்தின் அண்ணன் ஜுமாதில் வந்து சேர்ந்தார். வெளிவாசலில் கால் வைத்ததும் "என் தம்பி! எனக்கு முன்னாடி போயிட்டியேடா!" என்று அழுதுகொண்டே ஓடி வந்தார். அழுது வருகிறவனுக்கு வாசலில் நிற்பவர்கள் அழுது பதில் சொல்ல வேண்டும். அங்கே கார்கள்தான் நின்றன. ஒரு படிக்கட்டுக்குள் அழுதுகொண்டே போனார், திரும்பி வந்தார், அடுத்ததற்குள் போனார். மேலே யாரோ "குடிச்சிருக்கான் போல" என்றார்கள். அவர் அழுகையை நிறுத்திவிட்டார். தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்க பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து, "அண்ணே, என் தம்பிய எந்த வீட்ல வெச்சிருக்கீங்க?" என்று விலாசம் விசாரிப்பவர் போலக் கேட்டார். அடக்கம் முடியும் வரை அந்த மனிதர் அழவே இல்லை. ஊருக்குத் திரும்பிப் படுத்தவர் இன்னும் சரியாகவில்லை என்று கேள்விப்படுகிறேன். (லிஃப்டும் அன்று வேலை செய்யவில்லை. அது வேறு மனு.)

3. கூடாரத்தைப் பார்க்கத் தங்கள் கிடங்குக்குப் போனேன். கூரை உச்சியில் பொருத்தும் மர வளையத்தின் மேல் லாரி டயர்களை அடுக்கியிருக்கிறார்கள். அந்த வளையம்தான் நம் நாட்டுக் கொடியின் நடுவில் இருக்கிறது. தாங்கள் நாற்காலியைத் திருப்பினால் பின்னால் நிற்கும் கொடியில் பார்க்கலாம். நவ்ரூஸ் புத்தாண்டு அன்று நகராட்சியே சதுக்கத்தில் கூடாரம் போட்டு, விருந்தாளிகளை நிறுத்திப் படம் எடுக்கிறது. உள்ளே அடுப்பும் இல்லை, ஆளும் இல்லை. கூடாரம் படம் பிடிக்க நிற்கலாம், பிணம் வைக்க நிற்கக் கூடாது என்பது எந்த நியாயம்? முன்னோர் வழக்கத்தைப் போற்ற வேண்டும் என்று அன்று மேடையில் தாங்கள் பேசியதை நானும் கை தட்டிக் கேட்டேன். இப்போது அதைத்தான் கேட்கிறேன்.

4. எனக்குப் பெருமை வேண்டும் என்பதற்காக இதைக் கேட்கவில்லை. ஊரே கூடி அழும் அளவுக்கு நான் நல்லவனும் அல்ல. கட்டடத்தில் பலரோடு எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை. பயம் என் மகளைப் பற்றித்தான். பூரூல் மருந்தகத்தில் கணக்காளர், யார் முன்னாலும் கண் கலங்காதவள். அவள் அம்மா போனபோது அந்தக் கூடாரத்தில்தான் வாய்விட்டு அழுதாள், பிறகு தெளிந்தாள். வீட்டில் வைத்தால் அவள் தேநீர்தான் ஊற்றுவாள், அது எனக்குத் தெரியும். இந்த மனு எழுதுவதைப் பார்த்து, "நல்ல வார்த்தையே உங்க வாயில வராதாப்பா? குடுங்க அந்தப் பேனாவ" என்று பிடுங்கப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றாள்.

ஆகவே ஐயா அவர்கள்,

(அ) சாவுக் கூடாரத்துக்கு முன்கூட்டி விண்ணப்பம் தேவையில்லை என்று உத்தரவைத் திருத்த வேண்டும்;

(ஆ) டயர்களை இன்றே இறக்கிக் கூடாரத்தை எங்களிடம் ஒப்படைக்க வேண்டும்;

(இ) திருத்தம் தாமதமானால், இதையே என் விண்ணப்பமாக ஏற்க வேண்டும். நிகழ்ச்சி நாளைக் குறிப்பிட முடியவில்லை. பத்து வேலை நாட்கள் பொறுத்துக்கொள்ள என்னால் ஆனதைச் செய்கிறேன்.

தங்கள் பதில் வருவதற்குள் நான் போய்விட்டால், கொண்டு வருபவர் அதை என் மகளிடம் கொடுக்கலாம். ஆனால் வழக்கப்படி வெளிவாசலிலிருந்தே அவர் அழுதுகொண்டு வர வேண்டும். தங்கள் ஆய்வாளரையே அனுப்புங்கள், அவருக்கு நன்றாக வருகிறது. அவர் அழுது வரும்போது முற்றத்தில் கூடாரம் இருக்கட்டும், ஐயா. இல்லாவிட்டால் அவரும் ஒவ்வொரு படிக்கட்டாக ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

இடம்: ஆக்-கெச்சூ
நாள்: செப்டம்பர் 4

இன்னும் காத்திருக்கும்,
(கையொப்பம்)
பெய்ஷனலி துய்ஷெயெவ்