எட்டாம் நாள் கூட்டம்

3-8-1969
பேப்பரில் பார்த்தேன். வங்காளத்தில் மேல்சபையையே எடுத்துவிட்டார்களாம். நம் நெசவாளர் சங்கத்துக்கு மட்டும் எதற்கு இன்னும் மறுகூட்டம்? எல்லோரும் கை தூக்கி ஒன்றை முடிவு செய்வோமாம். எட்டு நாள் கழித்துத் தெருவுக்கு ஒருவராகப் பத்துப் பேர் உட்கார்ந்து அதையே மறுபடி கிளறுவார்களாம். பிறகு செயலாளர் என்று நான் எதற்கு? அடுத்த ஞாயிறு தீர்மானம் கொண்டுவருகிறேன்.

10-8-1969
ஜெயித்துவிட்டேன்! மறுகூட்டம் ஒழிந்தது. அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியான பெரியநாயகியம்மாள் மட்டும் எழுந்தாள். "கோவத்துல ஒரு தபா கேளு, கோவம் ஆறினப்புறம் ஒரு தபா கேளுன்னுதானேப்பா வச்சிருக்குது? உனுக்கு இன்னா அவசரம்?" கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

14-9-1969
நாசமாய்ப் போன நாள். சென்னையிலிருந்து ஒரு சேலை திரும்பி வந்தது. ஆறே மாதத்தில் ஜரிகை கறுத்துவிட்டதாம். நெய்தது உமாபதி — என் தங்கை கலாவதியின் புருஷன். ஒரே கூச்சல். "சங்கத்து ஜரிகைய மாத்திட்டு போலிய போட்டுட்டான், தள்ளி வைங்கபா!"

"நீங்க குடுத்ததத்தான் போட்டேன். பிரிச்சுப் பாருங்கபா" என்றான் உமாபதி. எவன் பார்த்தான்? மறுகூட்டமாக இருந்தால் சேலையை முழுக்க விரித்து, ஜரிகையை உரசிப் பார்க்காமல் பேச்சையே எடுக்கமாட்டார்கள். உறவுக்காரன் வெளியே போய் உட்காரவேண்டும்.

நான் உள்ளே இருந்தேன். மாப்பிள்ளைக்குச் சலுகை காட்டிவிட்டான் என்று நாலு பேர் பேசுவார்களோ என்று... கை தூக்கினேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

17-9-1969
உமாபதிக்குப் பாவு நூல் கொடுக்கக்கூடாது, ஜரிகை கொடுக்கக்கூடாது என்று உத்தரவு. அதில் கையெழுத்து என்னுடையது. தறியை அவிழ்த்துவிட்டுக் கலாவதியோடு பெங்களூர் போய்விட்டான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? — யாரைக் கேட்கிறேன்? பொறுக்காதது யார்?

22-9-1969
எட்டு நாள் ஆகிவிட்டது. பெரியநாயகியம்மாள் வந்து சேலையைக் கேட்டாள். விரித்தோம். உள்மடிப்பிலிருந்து அந்துருண்டைத் துண்டுகள் உதிர்ந்தன. அவை பட்ட இடமெல்லாம் கறுப்பு. மற்ற இடத்தில் ஜரிகை புதுசு போல இருந்தது. உரசினாள். அசல் வெள்ளி.

"அந்துருண்ட பட்டா ஜரிகை கறுக்கும்னு ஊருக்கே தெரியுமேப்பா. அம்மாம் பேரும் கத்திக்கினு இருந்தீங்களே" என்றாள்.

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன். பெத்த தாய் மாதிரி வளத்தேனே அந்தப் பொண்ண. பாவி நான்.

5-10-1969
தள்ளி வைத்தது ரத்து. மறுகூட்டத்தைத் திரும்பக் கொண்டுவரும் தீர்மானத்தையும் நானே படித்தேன். எல்லாக் கையும் எழுந்தது. 

14-1-1970
நேற்று பொங்கல் சீரோடு பெங்களூர் போனேன். உமாபதி ஏதோ மில்லில் வேலை பார்க்கிறான். ரத்துக் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தான். சாப்பிட்டாயா என்று கேட்டான். வேலைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டான்.

கலாவதி வாசல் வரை வந்தாள். "சங்கம் தள்ளி வச்சத அவரு மறந்துடுவாருண்ணா. உன் கை மேல போனத மறக்க முடியலன்றாரு."

"நீ?" என்றேன்.

"நானுந்தான் அன்னிக்குக் கூட்டத்து வாசல்ல பார்த்துக்கினு நின்னேன்" என்றாள்.

அவள் வாங்காத சீரைப் பஸ்ஸில் திரும்பக் கொண்டுவந்தேன். கரும்பு இடிக்கிறது என்று பக்கத்தில் இருந்தவர் காஞ்சிபுரம் வரை திட்டிக்கொண்டே வந்தார்.