வீடு கேட்கிற வேலை

அன்புள்ள மகள் மாதேஸ்வரிக்கு, பேரிகைப் பக்கத்திலிருந்து அப்பா கங்கப்பன் சொல்லச் சொல்ல உன் தம்பி பெண்டாட்டி ஹரிணி எழுதுவது. அந்தக் குளிர் தேசத்தில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். இங்கே உன் அம்மா முனிலட்சுமிக்கு முழங்கால் வலி தவிர வேறு குறை இல்லை, செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, மழை பெய்து அவரைச் செடி தலையெடுத்திருக்கிறது. உன் தம்பி அஜித்குமார்தான் சுகமாக இல்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசலாமே என்று கேட்பாய். போனில் நீ பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் வருவதில்லை பாப்பா, நீ சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கிறது, நானும் சரி சரி என்று சொல்லி வைத்துவிடுகிறேன், திரும்பிப் பார்த்தால் அவன் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. ஹரிணி இதைப் படம் எடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவாள், முழுசும் படித்துவிட்டு அப்புறம் பேசு.

கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்து அவனை நிறுத்தினபோது நீதான் வழி சொன்னாய். உங்கள் யுனிவர்சிட்டிக்காரர்கள் ஓசூரில் ஆபீஸ் போட்டு ஆராய்ச்சி நடத்துகிறார்கள், நானும் அதில் இருக்கிறேன், வாடகைக்கு வீடு யாருக்குக் கொடுக்கிறார்கள், யாருக்கு இல்லை என்கிறார்கள் என்று பார்க்கிறார்கள், அதற்குப் படித்த பையன்கள் வேண்டும், நம் அஜித்தைச் சேர்த்துவிடுகிறேன் என்றாய். நாங்களும் சந்தோஷப்பட்டோம். வேலை என்னவென்று அவன் வந்து சொன்னபோது உன் அம்மா நம்பவில்லை. வீடு கேட்கப் போவதுதான் வேலை. தர்மபுரிப் பையன் மணிகண்டனும் இவனும் ஒரு ஜோடி. ஒரே வயசு, ஒரே டிப்ளமோ, ஒரே மாதிரி சட்டை, சம்பளம் என்ன என்று கேட்டால் ஒரே பதில். இன்றைக்கு ஒருவன் கேட்ட வீட்டை இன்னொரு நாள் மற்றவன் போய்க் கேட்க வேண்டும். வித்தியாசம் ஒன்றுதான், மணிகண்டன் ஊருக்குள் இருக்கிற சாதி, நம்மவன் காலனி. வீட்டுக்காரர் கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். உட்காரச் சொன்னார்களா, தண்ணீர் கொடுத்தார்களா, முகம் எப்படி இருந்தது, எல்லாவற்றையும் தெருமுனைக்கு வந்து போனில் ஏற்ற வேண்டும். வீடு இல்லை என்று சொன்னால் சண்டை போடக் கூடாது. கொடுக்கிறேன் என்றால் ஒரு நாள் விட்டுப் போன் செய்து, வேறு இடம் கிடைத்துவிட்டது, வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். இது ஆராய்ச்சி என்று மட்டும் எந்த வீட்டுக்காரருக்கும் தெரியக் கூடாது, அதற்கு ஆபீசில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

முதலில் ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் போனார்கள். மணிகண்டன் நம் வீட்டுக்கு வந்து களி சாப்பிட்டுக்கொண்டே சொல்வான், உங்க பையன் பெயிலாகறதுக்குச் சம்பளம் வாங்கறான், நான் பாஸாகறதுக்கு வாங்கறேன், ஆபீஸ்ல ரெண்டு பேருக்கும் ஒரே கூலிதான் மாமா, அங்க மட்டும்தான் சமத்துவம் என்று. ஒரு வீட்டம்மா இவனிடம், நாங்க சைவம்பா, கறி திங்கறவங்களுக்கு வூடு குடுக்கறது இல்ல என்றாளாம். அதே அம்மா மறுநாள் மணிகண்டனிடம் மூலைக்கடையில கோழி வாங்காத, ரெண்டாவது கடையில வாங்கு, அங்கதான் நாங்களும் வாங்கறோம் என்றாளாம். அதைச் சொல்லி எல்லாரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். இன்னொருவர் சாதி கேட்கவே இல்லையாம், குலசாமி எது, கோயில் ஊருக்குள்ளயா வெளியவா என்று கேட்டாராம், கேட்டுவிட்டு எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி, மேல் வூட்டுக்காரங்கதான் ஒத்துக்க மாட்டாங்க என்றாராம். நேத்தே அட்வான்ஸ் வாங்கிட்டேனே என்று சொன்னவர்கள் எத்தனையோ. எத்தனை வீடு என்று நான் சொல்ல மாட்டேன், அது உன் கணக்கில் இருக்கும். போகப் போக இவன் சிரிப்பது நின்றது. சாயங்காலம் வந்தால் நேரே கைகால் கழுவிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவான். கேட்டால், வேல முடிஞ்சுதுப்பா என்பான்.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று நினைவுபடுத்துகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ கிருஷ்ணகிரியில் காலேஜ் படிக்கும்போது ஹாஸ்டல் கிடைக்காமல் நாம் ரெண்டு பேரும் ரூம் கேட்டுப் போனோம். பச்சை கேட் போட்ட வீடு. அந்த அம்மா உன் மார்க்கைக் கேட்டுப் பாராட்டிவிட்டு, அப்புறம் ஊரைக் கேட்டாள், அப்புறம் கதவைப் பாதி சாத்திக்கொண்டு பேசினாள். வெள்ளையில் நீலப் பூப்போட்ட சுடிதார் போட்டிருந்தாய். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய், இதை ஒரு நாள் உலகத்துக்குக் காட்டுவேன்பா என்றாய். நீ காட்டத்தான் இந்த ஆராய்ச்சி, எனக்குத் தெரியும். நாம் சொன்னால் நம்பாதவர்கள் நீ எழுதினால் நம்புவார்கள், அதுவும் தெரியும். ஆனால் பாப்பா, ஒரு கதவுக்கே நீ அப்படிப் படுத்தாய். உன் தம்பியைத் தினமும் அனுப்பினாய்.

அதையும் அவன் தாங்கிக்கொண்டான். அவனைச் சாய்த்தது, இல்லை என்று சொன்ன வீடுகள் அல்ல. கொடுக்கிறேன் என்று சொன்ன வீடு ஒன்று உண்டு, நாராயணம்மா வீடு. புருஷன் இல்லாதவள், தெலுங்கு பேசுகிறவள், கீழே இஸ்திரி வண்டி நிற்கும், மாடியில் ரெண்டு ரூம். இவன் ஊரைச் சொன்னான், அவள் கேட்காமலே காலனி என்றும் சொன்னான். அவள், அதனால என்ன நயினா, எங்க வூட்டுக்காரர் கிருஷ்ணப்பனும் பேரிகைக்காரர்தான் என்று சொல்லி, தான் குடிக்கிற சொம்பிலேயே தண்ணீர் கொடுத்து, சாவியை எடுத்து இவன் கையில் வைத்து, மேல போயி பாத்துட்டு வா, பொண்டாட்டிக்கு சமையல்கட்டு பத்துமான்னு பாரு என்றாளாம். ஹரிணி விடியுமுன் எழுந்து கம்பெனி பஸ்சுக்கு ஓடுகிற பாடு உனக்குத் தெரியும், இவர்களுக்கு நிஜமாகவே ஓசூரில் வீடு வேண்டும். அன்றைக்கு மட்டும் அவன் நம் வீட்டு வாசலிலிருந்தே ஹரிணி ஹரிணி என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தான், ஜன்னலைத் திறந்தால் காற்று வருகிறது என்றான். அந்த வீட்டை நிஜமாகவே எடுத்துக்கொள்ளலாமா என்று ஆபீஸ் மேடத்தைக் கேட்டான், முடியாது என்றாள். உன்னைக் கேட்டான், இன்னும் கொஞ்ச மாசம் பொறுடா, ஆராய்ச்சி முடியட்டும் என்றாய். அதனால் போன் செய்து, வேண்டாம்மா, வேற இடம் கிடைச்சிடுச்சு என்று சொன்னான். பக்கத்தில்தான் இருந்தேன், அவள் பேசினது எனக்கும் கேட்டது. ஏன் நயினா, கீழ இஸ்திரி வண்டியப் பாத்துட்டியா, துணி வெளுக்கறவ வூடுன்னு யாராவது சொன்னாங்களா, நான் ஒண்ணும் மறைக்கலியே, சரி விடு, உன் இஷ்டம், பொண்ணு வருவான்னு ஜன்னலெல்லாம் தொடச்சி வெச்சேன் என்றாள். அதட்டிப் பேசவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள், வைத்துவிட்டாள். இவன் அதையும் போனில் ஏற்றினான். அதற்கப்புறம் வேலைக்குப் போகவில்லை.

எனக்குப் படிப்பு இல்லை, பார்த்தது மறக்காது. அந்தக் கிருஷ்ணப்பனின் தகப்பனை எனக்குத் தெரியும். கழுதை மேல் துணி மூட்டை போட்டுக்கொண்டு வருவார், நம் தெரு வந்ததும் கழுதையை அந்தப் பக்கமாக ஓட்டுவார். நம் துணியைத் தொட்டது தெரிந்தால் ஊர்க்காரர்கள் அவருக்குத் துணி போட மாட்டார்கள், அவர்கள் வயிறு அந்த மூட்டையில் இருந்தது. என் தகப்பன் செத்தபோது பாடை போகிற வழியில் மாத்துத் துணி விரிக்க அவரைக் கூப்பிடப் போய் வெறும் கையோடு திரும்பினவன் நான். அந்த வீட்டுக்கு வாழ வந்தவள் நம் பிள்ளை கையில் சாவியை வைத்திருக்கிறாள். அவளிடம் போய், இஸ்திரிக்காரி வீடு என்பதால் வேண்டாம் என்று நம் பிள்ளை சொன்னதாக ஆகிவிட்டது. உன் ஆராய்ச்சியில் அந்த வீட்டுக்கு என்ன போடுவார்கள் என்று கேட்டேன், கொடுத்தார்கள் என்று போடுவார்கள் என்றான். துடைத்த ஜன்னலுக்கு ஒன்றும் போட மாட்டார்களா என்றேன்.

இப்போது அவன் இருக்கிற இருப்பைச் சொல்கிறேன். சவரம் கிடையாது, குளியல் கிடையாது. சோறு வைத்தால் வேண்டாம்மா, வேற இடம் கிடைச்சிடுச்சு என்கிறான், தூக்கத்திலும் அதையே சொல்கிறானாம், ஹரிணி எழுதிக்கொண்டே அழுகிறாள். ஒரு நாள் ஓசூர் போய் அந்தத் தெருமுனையில் நின்றிருக்கிறான், நாராயணம்மா பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாளாம். என்னிடம் ஒரே ஒரு தரம் வாய் திறந்தான். அத்தன பேரு என்ன வேணாம்னாங்க, அது பழகிடுச்சுப்பா, வான்னு சொன்ன ஒரே ஆள நான் வேணாம்னுட்டேன், இப்ப எனக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம் என்றான். மணிகண்டன் வந்தால் பார்க்க மாட்டேன் என்கிறான், அந்தப் பையன் கொட்டகை வெளியே நின்று மாட்டைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போகிறான். சாயங்காலம் இவன் ஏரிப் பக்கம் போனால் நான் கொஞ்சம் பின்னால் போகிறேன். ரோஜாத் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து டப்பாக்களை உன் அம்மா எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது. அப்பா, இப்ப ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் வீட்டுக்காரங்களுக்குள்ள பரவிடும், அவங்க ரெண்டு பேரும் அலைஞ்சதெல்லாம் வீணாயிடும், முடிஞ்சதும் நானே நேர்ல போய் அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கறேன் என்றாய். நியாயம்தான். ஆனால் அதுவரைக்கும் இவன் இருப்பானா என்று எனக்குத் தெரியவில்லை தாயீ, அதைத்தான் போனில் சொல்ல முடியாமல் இருந்தேன், இப்போது சொல்லிவிட்டேன். அவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான், மணிகண்டன் போட்டிருக்கிறான், நீயும் போட்டிருப்பாய். பையன்கள் ரெண்டு பேரையும் நான் பேசச் சொல்லவில்லை. நான் எதிலும் போடவில்லை, என்னை யாரும் கேட்கவும் இல்லை. நாளைக்குக் காலை முதல் பஸ்சில் ஓசூர் போகிறேன், இஸ்திரி வண்டி நிற்கிற அந்த வீட்டு வாசலில் நின்று, என் மகன் உன் வீட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை அம்மா, சொல்ல வைத்தார்கள் என்று சொல்லப் போகிறேன். வேறு யாரிடமும் சொல்லாதே என்றும் கேட்டுக்கொள்வேன். மீறி அவள் சொல்லி உன் ஆராய்ச்சி கெட்டால் கெடட்டும், அப்பன் கெடுத்தான் என்று எழுதிக்கொள்.

எனக்கு இருக்கிற பயம், அவள் நம்ப மாட்டாள் என்பது. வாடகைக்கு எடுப்பதற்கு இல்லாமல் சும்மா வந்து வீடு கேட்டார்கள் என்றால் யார் நம்புவார்கள். அதனால் அவள் வாசலில் இருந்தே உனக்குப் போன் போடச் சொல்லி ஹரிணியையும் கூட்டிக்கொண்டு போகிறேன், அவள் லீவு சொல்லிவிட்டாள். நாங்கள் போய்ச் சேருகிற நேரம் உனக்கு நடு ராத்திரி தாண்டியிருக்கும் என்கிறாள். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படு, சத்தத்தை நிறுத்திவிடாதே. அந்த அம்மாவிடம் படிப்புப் பேச்சு எதுவும் பேசாதே, பச்சை கேட் வீட்டைப் பற்றிச் சொல், உனக்கு அவள் மொழியும் தெரியும். அவள் ஒரு வார்த்தை, சரி வா என்று சொன்னால் போதும், நான் அதைக் கொண்டுவந்து இவன் காதில் போட்டுவிடுவேன்.

நல்லா இரு கண்ணு, நேரத்துக்குச் சாப்பிடு, பனியில் காதை மூடிக்கொள். குலசாமி உன்னையும் உன் தம்பியையும் ஒன்றாகக் காப்பாற்றட்டும். மறுபடியும் சொல்கிறேன், போனை எடு.

இப்படிக்கு, பெருவிரல் வைத்து,
உன் அப்பா கங்கப்பன்