உங்கப்பாவைத் தூக்க ஆள் இல்லை

நவம்பர் 3, ஞாயிறு

அப்பு, இந்தத் தீபாவளிக்கும் முறுக்குச் சுட்டேன். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு எண்ணெய்ச் சட்டி ஏற்றக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? ஏற்றாவிட்டால் உங்கப்பா விடுவாரா? "என்னா சந்திரா, இந்த வருஷம் வாசனையே காணோம்?" என்று படுக்கையில் இருந்தே கேட்டுவிட்டார். அதனால் சுட்டேன். கண்ணு ஏன் சிவந்திருக்கு என்றார். புகை என்றேன்.

பக்கத்து வீட்டுக் கஸ்தூரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். அவளுக்குத் தெரியும். இந்த வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரியும், பாசிர் கூடாங் ரோட்டில் மழையில் உன் மோட்டார் சைக்கிள் சறுக்கியது, லாரி வந்தது, எல்லாம். உங்கப்பாவுக்கு மட்டும்தான் தெரியாது.

உன் மாமா திருச்செல்வம் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். "மச்சானுக்கு நெஞ்சு பலவீனம், டாக்டர் சொல்லியிருக்காரு. இன்னொரு தடவ பக்கவாதம் வந்தா ஆள் போயிருவாரு. அவர்கிட்ட மூச்சு விடாத." காரியம் எல்லாம் பெர்மாஸ் ஜெயாவில் மாமா வீட்டில் நடந்தது. கிளினிக்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உன் கருமாதிக்குப் போய் வந்தேன்.

இந்த வீட்டைப் பொறுத்தவரை நீ சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போயிருக்கிறாய். லீவு கிடைக்கவில்லை.

நவம்பர் 9, சனி

உன் படத்தை வைத்து ஒரு விளக்கு ஏற்ற முடியவில்லை. குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழ முடிகிறது. அதிலும் "தண்ணிய ஏன் இப்படி வீணாக்குற?" என்று ஒரு சத்தம்.

நவம்பர் 17, ஞாயிறு

கஸ்தூரி இழுத்துக்கொண்டு போனாள். பாலாய் ராயா பொது மண்டபத்தில் கூட்டம். வெள்ளம் வந்தால் வீட்டில் என்ன தயாராக வைத்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். வெள்ளமாம்! பண்டார் தெங்காராவுக்கு இந்தப் பக்கம், இந்த மேட்டில், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில்.

மணியம் அண்ணன் எழுந்து, "என்சிக், இங்க தண்ணி ஏறுச்சுன்னா கோத்தா திங்கி கடலுக்குள்ளதான் இருக்கும் லா!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கம்பத்து ஊர்த்தலைவர் ரோஸ்லானும் சிரித்தார். ஆனால் பின்னாடி இருக்கிற ஓடை மண் தூர்ந்துபோய்விட்டது, புதிதாகக் காடு வெட்டிய இடத்தில் இருந்து சேறு இறங்குகிறது, வராது என்று இருந்துவிடாதீர்கள் என்றார். அடையாள அட்டை, மருந்து எல்லாம் பிளாஸ்டிக்கில் சுற்றி ஒரு பையில் வைக்கணும். தண்ணீர் வாசலுக்கு வரும் முன்னால் மெயின் சுவிட்சை அடைக்கணும், அடுப்பு கேஸை மூடணும்.

அப்புறம் நடக்க முடியாதவர்களைப் போர்வையில் தூக்குவது எப்படி என்று செய்து காட்டினார்கள். மணியம் அண்ணனையே படுக்க வைத்துவிட்டார்கள். ஓரத்தை இறுக்கிச் சுருட்டி ஆளுக்கு ஒரு முனை. "மெதுவா, மெதுவா, கைலி அவுந்துரும்டா!" என்று அவர் கத்தினார். கஸ்தூரி, "உர மூட்ட கூட இம்புட்டு சத்தம் போடாது அண்ணே" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது அப்பு. வந்த உடனே பயமாகவும் இருந்தது.

நடக்க முடியாதவர் யார் வீட்டில் என்று கேட்டார்கள். கையைத் தூக்கினேன். வெளியில் இருந்து வந்த அதிகாரி சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும். "மகன் இருக்காரா மக்சிக், தூக்கறதுக்கு?" என்று மலாயில் கேட்டுவிட்டான்.

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

நவம்பர் 18, திங்கள்

மணியம் அண்ணனைத் தூக்கிய கதையைச் சொன்னால் உங்கப்பா சிரிப்பார் என்று நினைத்துச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் வந்து உங்களையும் ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார்களாம் என்றேன்.

முகம் மாறிவிட்டது. "கண்டவனும் தூக்க நான் என்ன உர மூட்டையா? எம்மவன் இருக்கான்."

படுத்ததில் இருந்து உன்னைத் தவிர யாரையும் அவர் தூக்க விடவில்லையே. நீ கழுத்துக்குக் கீழே கை கொடுத்து, ஏதோ பாட்டை முனகிக்கொண்டே குளியலறைக்குக் கொண்டு போவாய். இப்போது படுக்கையிலேயே துடைத்துவிடுகிறேன். அதற்கும் கோபம். அப்பு வரட்டும், அப்பு வரட்டும்.

நவம்பர் 23, சனி

உனக்கு ஃபோன் போடு என்று உங்கப்பா அடம். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மாமா மகன் ஹேமநாதனுக்கு ஃபோன் போட்டுக் கொடுத்தேன். இது மூன்றாவது தடவை. அவன் உன்னை மாதிரியே பேசுவான், அந்த இழுப்போடு. முன்பெல்லாம் உன்னைக் கேலி செய்வதற்காகப் பழகியது.

"கொரல் ஏன்டா ஒரு மாதிரியா இருக்கு?"

"சளி பா. இங்க ஏர்கோன் ஜாஸ்தி."

"இங்க வெள்ளம் வருங்கறானுங்க. வந்தா வந்துருவியாடா?"

நான் கையை ஆட்டுகிறேன். ஃபோனில் அது எங்கே தெரியும்? அவன் சொல்லிவிட்டான்: "வந்துர்றேன் பா. நான் வந்து தூக்கறேன்."

உங்கப்பா ஃபோனை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கினார். கொஞ்ச நேரம் கழித்து ஹேமன் என் நம்பருக்கு அடித்தான். "அத்த, இனிமே என்னால முடியாது. அவர் 'அப்பு'ன்னு கூப்புடறதக் கேக்க முடியல." அழுதான். அவனையும் இதில் மாட்டிவிட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

நாலு பேரும் வந்தார்கள். வாசலோடு அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 11, புதன்

மழை.

டிசம்பர் 15, ஞாயிறு

பை கட்டிவிட்டேன். மருந்து, அட்டை, அவருடைய இரண்டு கைலி, பெம்பர்ஸ், பிஸ்கட். கதவுக்குப் பின்னால் இருக்கிறது. பை தயார். ஆள்?

அவர் தூங்கும்போது அடியில் போர்வையை விரித்து, நான் ஒருத்தியே இழுத்துப் பார்த்தேன். கட்டில் ஓரம் வரைக்கும்கூட வரவில்லை. விழித்துக்கொண்டார். "என்னா பண்ற?"

"போர்வை மாத்தறேன்."

எதைச் சொன்னாலும் பொய். போர்வைக்கும் பொய். மாமாவிடம் கேட்டேன், சொல்லிவிடவா அண்ணே என்று. "செத்துட்டாருன்னா நீதான் கொன்னேன்னு ஆயிரும், யோசிச்சுக்க" என்றார். யோசித்துக்கொண்டே இருக்கிறேன். சொன்னால் சாவார். சொல்லாவிட்டால் இந்தக் கட்டிலை விட்டு அசையமாட்டார். நான் எங்கே போவது அப்பு?

ஜனவரி 10, வெள்ளி

நேற்றில் இருந்து விடாமல் மழை. செம்பனை வரிசைகளுக்கு நடுவில் தண்ணீர் நிற்கிறது. ஓடை எது, பாதை எது என்று தெரியவில்லை.

காலையில் ரோஸ்லானும் மணியம் அண்ணனும் லாரியோடு வந்தார்கள். "அய்யாவு, வாய்யா போலாம். அன்னிக்கு நான்தான் கத்துனேன், நீயாச்சும் கத்தாம வா" என்றார் மணியம் அண்ணன். உங்கப்பா நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்பு வரேன்னு சொல்லியிருக்கான். அவன் வந்து பாக்கறப்ப வீடு பூட்டிக் கெடந்தா புள்ள பயந்துரும்."

மணியம் அண்ணன் வெளியே போய்விட்டார். தோள் குலுங்கியது தெரிந்தது. மற்ற வீடுகளை ஏற்றிவிட்டுத் திரும்பி வருகிறோம் என்று ரோஸ்லான் சொன்னார். தண்ணீர் முதல் படியில் இருக்கிறது. மெயின் சுவிட்சை அடைத்துவிட்டேன்.

ஜனவரி 11, சனி

பள்ளிக்கூட மண்டபத்தில் இருக்கிறோம். இரண்டு பேரும் உயிரோடு.

சொல்லிவிட்டேன் அப்பு.

நேற்று மத்தியானம் அடுப்படிக்குள் தண்ணீர் வந்தது. செருப்பு மிதந்து கூடத்துக்கு வந்தது. அவர் வாசலையே பார்த்துக்கொண்டு, "ஃபோன் போட்டியா? எங்க வந்துட்டு இருக்கானாம்?" என்றார். எனக்கு அப்போது என்ன ஆனது என்று தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

"அவன் வரமாட்டாங்க."

"வரேன்னு சொன்னான்ல?"

"அது ஹேமன்ங்க. நம்ம புள்ள இல்ல. நம்ம புள்ள செப்டம்பர்லயே போயிட்டாங்க... மழையில, மோட்டர்ல... நான்தான் ஒங்ககிட்ட சொல்லல."

இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நெஞ்சைப் பிடிப்பார், இப்போது பிடிப்பார் என்று பார்க்கிறேன். பிடிக்கவில்லை. கம்பியில் இருந்து கை தானாக நழுவியது.

லாரி வந்தது. நாலு பேர் போர்வையில் தூக்கினார்கள். அவர் முகத்தில் மழை விழுந்தது, அதைத் துடைக்கக்கூட விடவில்லை.

ஜனவரி 13, திங்கள்

டாக்டர் வந்து பார்த்தார். நாடி பரவாயில்லை என்கிறார். பேச்சுத்தான் இல்லை. கஞ்சி கொடுத்தால் குடிக்கிறார். மாமா ஃபோனில் கத்தினார், பாதியிலேயே வைத்துவிட்டேன்.

கஸ்தூரியும் மற்ற பெண்களும் பாயில் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்து உட்கார்ந்தார்கள். கஸ்தூரி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இப்பவாச்சும் வாய்விட்டு அழுவுங்கக்கா" என்றாள். அழுதேன். மண்டபத்தில் மலாய்க்காரர்கள், சீனர்கள் எல்லாரும் இருந்தார்கள். உங்கப்பாவும் பக்கத்திலேயே இருந்தார். உன் பேரைச் சொல்லி, சத்தமாக அழுதேன்.

ஜனவரி 15, புதன்

தண்ணீர் வடிந்துவிட்டது. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். மணியம் அண்ணனும் ரோஸ்லானும்தான் அவரைக் கொண்டு வந்து விடுவார்கள். உங்கப்பா வேண்டாம் என்று தலையாட்டவில்லை.

இன்றைக்குத்தான் பேசினார். யார் கொள்ளி வைத்தது, எங்கே எரித்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியைத் தள்ளிவிட்டு, "அன்னைக்குச் சாப்டுட்டுப் போனானா?" என்றார்.

நான் அன்றைக்கு வீட்டுப் பின்பக்கம் இவருடைய துணியை அலசிக்கொண்டிருந்தேன். நீ மோட்டாரைக் கிளப்பிய சத்தம்தான் கேட்டது. அப்புறம் ஃபோன் வந்தது, ஓடினேன், சோற்றுச் சட்டியைத் திறந்து பார்க்கவில்லை. யாரோ கழுவி வைத்திருந்தார்கள்.

சாப்பிட்டான் என்று வாய் வரை வந்துவிட்டது. இனிமேல் இவரிடம் என்னால் அப்படிச் சொல்ல முடியாது. தெரியலங்க என்றேன். இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சாப்டுட்டுத்தானே போனே, அப்பு?