மாதா அழுத நாளில் நீ சொன்ன பொய்

இன்று காலைப் பூசையில் எனக்கு முன்னால் முழங்காலிட்டிருந்த சின்னப்பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். உதடெல்லாம் சிவப்பு. வெடி சுற்றுகிற சிவப்புக் காகிதத்தை எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டு கோயிலுக்கு வந்திருக்கிறாள். தீபாவளி சீசனில் நம் தெருவில் எந்த வாசலைக் கூட்டினாலும் அந்தக் காகிதத்தில் ஒரு துண்டு கிடைக்கும்; நீயும் நானும் பூசாத உதடா? அவள் பக்கத்திலிருந்து பசையும் மருந்தும் கலந்த அந்த வாசனை வந்தது. உடனே உன் ஞாபகம். கூடவே எரிச்சல். தவக்காலத்தில் செத்துப்போனவள் நீ. இப்போது அக்டோபர் வரப்போகிறது. இன்னும் உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அழுகை இல்லையடி, பொறாமைதான்.

இன்றைக்கு அது கூடுதலாக வந்ததற்குக் காரணம் உண்டு. பிரசங்கம் முடிந்ததும் சாமியார் அறிவிப்புத் தாளைப் பிரித்தார். (இப்போதெல்லாம் அவர் நம்மைப் பார்த்து நின்று, லத்தீனை விட்டுவிட்டுத் தமிழிலேயே பூசை வைக்கிறார், தெரியுமா? நீ கேட்காத தமிழ்ப் பூசையை நான் கேட்கிறேன். அது ஒன்றில்தான் உன்னை முந்தியிருக்கிறேன்.) அக்டோபர் முழுக்க மாலையில் ஜெபமாலை. மாதா சுரூபம் தினம் ஒரு வீட்டுக்குப் போகும். எந்த நாள் எந்த வீடு என்பதற்கு அடுத்த ஞாயிறு சீட்டுக் குலுக்கல். பூசைக்கு உதவுகிற பையன்கள் தமிழ்ப் பதில்களை மனப்பாடம் செய்ய வேண்டும், முணுமுணுத்து ஏமாற்றக் கூடாது. மாதா சபைப் பெண்கள் நீல ரிப்பன்களைத் துவைத்துப் பெட்டி போட்டு வைக்க வேண்டும். எல்லாம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கடைசி நாளுக்கு மட்டும் சீட்டுக் கிடையாது" என்று சொல்லி உன் அப்பா பெயரை வாசித்தார்.

கோயிலில் ஒரு முணுமுணுப்பு இல்லை. கடைசி நாள் என்றால் சும்மாவா? அந்த வீட்டிலிருந்துதான் பங்கு முழுக்கச் சேர்ந்து, மத்தாப்புக் கொளுத்தி, மாதாவைக் கோயிலுக்கு அழைத்துப் போகும். அந்த வீட்டுக்காரர்கள் மறு வருடம் வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டு திரிவார்கள். அதற்காக எத்தனை வீடு எத்தனை வருடமாக ஏங்குகிறது. நீ என்னவென்றால் சீட்டே குலுக்காமல் ஜெயிக்கிறாய்.

எப்போதும் இதே கதைதான். பாடற்குழுவில் முதல் வரி உனக்கு, ஞானோபதேசத்தில் முதல் பரிசு உனக்கு, மே மாதம் மாதாவுக்கு முடி சூட்டுகிற கை உன்னுடையது. எனக்கு ஞாயிறுதோறும் இரண்டு பூசை. கோயிலில் ஒன்று, செய்த சேட்டைக்கு வீட்டில் அம்மா கையால் இன்னொன்று. ஆர்மோனியத்துக்குள் நான் தவளையை விட்ட அன்றுகூடப் பார். அது உள்ளேயிருந்து கத்தக் கத்த, எல்லாரும் பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். நீ மட்டும் நிறுத்தாமல் கடைசி வரி வரைக்கும் பாடினாய். பாட்டும் ஞானோபதேசமும் சொல்லித்தருகிற உபதேசியார் உன்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். கண்மாயில் இறங்கித் தவளை பிடித்தவள் நான். உழைப்பு என்னுடையது, பேர் உன்னுடையது.

அதனால்தான் போன வருடச் சீட்டில் கடைசி நாள் எங்கள் வீட்டுக்கு விழுந்தபோது நான் உபதேசியார் காது கிழியக் கூவினேன். உங்கள் வீட்டுக்கு ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை. நீயோ கொஞ்சமும் வாடாமல், மறுநாளே உன் அப்பா வெடிக் கம்பெனியில் கேட்டு வாங்கிவந்த சிவப்புக் காகிதக் கட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றாய்.

"ஏட்டி அற்புதம், இத வீட்டுக்குள்ள மட்டும் கட்டு. பந்தல்ல கட்டிராத. மழை மாசம், சாயம் எறங்கிரும்."

"ஏன், எங்க பந்தல் செவப்பா இருந்தா ஒனக்குக் கண்ணு எரியுதாக்கும்?"

"எனக்கு எதுக்கு எரியுது? மாதா தலைக்கு மேல வேண்டாம்னுதான் சொல்றேன்."

நீ பொறாமையில்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன். நானாயிருந்தால் பொறாமையில்தான் சொல்லியிருப்பேன். அடுத்தவளுக்கு வேறு மனசு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கடைசி நாள் மத்தியானம், அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், அந்தக் கட்டு முழுவதையும் தோரணமும் குஞ்சமுமாக வெட்டி, வாசல் பந்தலில், சரியாக மாதா தலைக்கு மேலே, என் கையாலேயே கட்டினேன். அழகாகத்தான் இருந்தது. நீ வந்து நிமிர்ந்து பார்த்தாய், வானத்தையும் ஒரு தடவை பார்த்தாய், பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாய்.

ஜெபமாலை முடிந்து மன்றாட்டு மாலையில் பாதி வந்திருப்போம். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கூட்டம் இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது மழை தூறியது. பெரிய மழை இல்லை. ஓலைப் பந்தல்தானே, அங்கங்கே சொட்டியது. முதல் சொட்டு மாதா நெற்றியில் விழுந்தது. அடுத்தது கண்ணோரத்தில் விழுந்து, கன்னம் வழியாக இறங்கி, தாடையில் தொங்கி நின்றது. நல்ல சிவப்பு.

"ஏ யாத்தே! மாதா ரத்தக் கண்ணீரு வடிக்கிறாளே!"

யார் கத்தியது என்று இன்றுவரை தெரியாது. கூட்டம் மொத்தமும் ஈரத் தரையில் முழங்கால் போட்டது. அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் பகலெல்லாம் அதே காகிதத்தில் வெடி சுற்றுகிறவர்கள். விரலெல்லாம் அதே சிவப்பு. எச்சில் பட்டாலே அந்தச் சாயம் ஒட்டும் என்று பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த ஊர் இது. ஆனாலும் அந்த விரல்களைக் கோத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்கள். அடுத்த தெருவிலிருந்து நம் கோயிலுக்கு வராதவர்கள்கூட ஓடிவந்தார்கள். "அற்புதம் வீட்டுல அற்புதம்லே!" என்று ஒருவர் சொல்ல, அது தெருமுனைவரை போனது. என் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள்.

எனக்குத் தெரியும். நிமிர்ந்து பார்த்த அந்த நிமிடமே குஞ்சத்திலிருந்து சிவப்பு நீர் கோத்துச் சொட்டுவது தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. என் ஆயுளில் முதல் தடவையாக ஊர் முழுக்க எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை எப்படி விடுவது?

ஞானம்மாக்காவை நினைவிருக்கிறதுதானே, தெருக் கடைசி வீடு? அவர்களுடைய கைக்குழந்தைக்கு நாலு நாளாகக் காய்ச்சல். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்து, மாதாவின் தாடைக்குக் கீழே ஒரு தம்ளரை ஏந்தினார்கள். சொட்டுச் சொட்டாக விழுந்தது. அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தம்ளருக்கு மிகப் பக்கத்தில் நின்றவள் நான். சொல்லவேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நின்றேன்.

நீ எங்கிருந்து வந்தாய் என்று தெரியாது. ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து ஞானம்மாக்காவின் கையைப் பிடித்தாய்.

"குடுக்காதீக அக்கா! அது வெடிக் காகிதச் சாயம்!"

தம்ளர் கீழே விழுந்து உருண்டது. பிறகு ஒரு குரல், "யாரு கட்டுனா அத?" என் அம்மா என்னைப் பார்த்தாள். நீ என்னைப் பார்க்கவே இல்லை.

"நான்தான் கட்டுனேன். எங்க அப்பா கம்பெனியில இருந்து கொண்டாந்தது. மழை வரும்னு நெனைக்கல."

எத்தனை ஏச்சு ஏசினார்கள் உன்னை! அழுததெல்லாம் வீணாய்ப் போன கோபம். எல்லாரையும்விட என் அம்மாதான் அதிகம். "மாதா மூஞ்சியிலயே சாயத்த ஊத்திட்டயே, நீ நல்லா இருப்பியா?" என்றாள். அந்த வார்த்தைக்காக உன் அடக்கத்தன்று அவள் தலையில் அடித்துக்கொண்டதை நீ பார்த்திருக்கவேண்டும். அன்று நீ தாவணி முந்தியால் மாதா முகத்தைத் துடைத்தாய். சாமியார் வந்து விஷயத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுக் குடையை விரித்தார். பவனி கிளம்பியது. உன் தாவணி நனைந்து சிவப்பாகிக் கிடந்தது.

அத்தோடு போயிருந்தால் நான் ஒருவேளை உன் காலில் விழுந்திருப்பேன். அடுத்த ஞாயிறு சாமியார் பிரசங்கத்தில் உன்னைத் தூக்கிவைத்துப் பேசினார். தன் தப்பைப் பத்துப்பேர் முன்னால் ஒப்புக்கொள்கிற துணிச்சல் பெரியவர்களுக்கே வராது என்றார். ஏசிய அதே வாய்கள் வெளியே வந்து உன் கன்னத்தைக் கிள்ளின. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தப்பு என்னுடையது. அதை ஒப்புக்கொண்ட பேர் உன்னுடையது! செய்த பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாலும் என்ன சொல்ல? நான் பொய்யே சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் நின்றேன், அவ்வளவுதான். பொய் சொன்னவள் நீ. பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் முதலில் போனவளும் நீ.

உன்னோடு பேசுவதை நிறுத்தினேன். தண்ணீர்க் குழாயில் ஒருநாள் என் குடத்தைப் பிடித்து இழுத்தாய்.

"ஏட்டி, இன்னும் எம்புட்டு நாளைக்குப் பேச மாட்ட?"

"நல்ல பிள்ளைகளோட நான் பேசுறதில்ல."

நீ சிரித்துவிட்டுக் குடத்தை விட்டாய். நமக்குள் கடைசிப் பேச்சு அதுதான். பிறகு உனக்கு மஞ்சள்காமாலை. விருதுநகர் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் ஏறிப் போகலாம் என்று இருந்தேன். சனிக்கிழமை காலையில் கோயில் மணி ஒற்றை ஒற்றையாய் அடித்தது.

உன் அடக்கத்துக்கு வந்த கூட்டம் திருவிழாவுக்குக்கூட வந்ததில்லை. மாதா சபைப் பெண்கள் நீல ரிப்பனோடு இரண்டு வரிசை. சாத்தூரிலிருந்து, ஏழாயிரம்பண்ணையிலிருந்து உன் அப்பாவோடு வேலை பார்க்கிறவர்கள் லோடு லாரியில் வந்து இறங்கினார்கள். நான் செத்தால் இதில் பாதியாவது வருமா என்று கணக்குப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். அப்புறம்தான் அழுகை வந்தது.

இன்று பூசை முடிந்து வெளியே வந்தால் உன் அம்மா வாசலில் எனக்காக நிற்கிறார்.

"அற்புதம், கடைசி நாளுக்கு நீதான் வந்து சோடிச்சுக் குடுக்கணும். ஆனா காகிதம் மட்டும் நான் பாத்து வாங்குவேன், அவ கட்டுன மாதிரி ஆயிரக் கூடாது, ஆமா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நீ போனபிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயந்திரம் உன் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உட்காராமலே சொன்னேன்.

"பெரியம்மா, அன்னைக்கு அந்தக் காகிதத்தக் கட்டுனது அவ இல்ல. நான்தான்."

கை நின்றது. "அப்ப அவ கட்டலையா?"

"இல்ல பெரியம்மா. கட்டாதன்னு சொன்னதே அவதான். நான்தான் கேக்கல. ஏச்சு வாங்கும்போதும் பேசாம நின்னேன்."

விளக்குமாற்றை எடுப்பார் என்று நினைத்தேன். எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் உரித்த வெங்காயத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"போச்சா, அதுவும்?" என்றார். "பெறந்ததுல இருந்து ஒரு தம்ளரக்கூட ஒடச்சதில்ல அவ. ஒரு பொய் கெடையாது, ஒரு அடம் கெடையாது. அது ஒண்ணுதான் அவ செஞ்ச சேட்டைன்னு வச்சிருந்தேன். இங்கன தனியா உக்காந்திருக்கையில அத நெனச்சுத்தான் சிரிச்சுக்குவேன். அதையும் நீயே எடுத்துக்கிட்டயா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகப் பழக்கம். உன்னைப் பார்க்கும்போதெல்லாம் என் முகத்தில் இருந்தது அதுதான்.

"ஒங்க அம்மா குடுத்துவச்சவ. தெனமும் ஏசுறதுக்கு ஒரு ஆளு இருக்கு அவளுக்கு."

நான் உட்கார்ந்தேன். ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தேன்.

"பெரியம்மா, முந்துன வருசம் கிறிஸ்மஸ் குடில்ல குழந்தை ஏசு காணாமப் போச்சே, ஞாபகம் இருக்கா?"

"ஆமா. கோயிலே ரெண்டுபட்டுச்சே! கடைசியில ஒட்டகத்து முதுகுல துணி போத்திப் படுத்திருந்துச்சு. எந்தக் கழுத பாத்த வேலையோ."

"யாரு வேலைன்னு நெனைக்கீக?"

மெல்ல முகம் நிமிர்ந்தது. "அவளா?"

அது நான் செய்தது. இதுவரை நான் செய்ததிலேயே அதுதான் உச்சம். உபதேசியார் பத்துப் பையன்களை வரிசையில் நிறுத்தி விசாரித்தும் பிடிபடாதது. ஒருநாள் ஊருக்குச் சொல்லிப் பேர் வாங்கவேண்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

"அவதான்" என்றேன்.

உன் அம்மா சிரித்தார். வெங்காயக் கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஒட்டகத்து முதுகுலயா! குளுருமேன்னு துணியும் போத்தியிருக்கா பாரு, கள்ளி" என்றார். என்னையும் எத்தனையோ பேர் கள்ளி என்று சொல்லியிருக்கிறார்கள். யாரும் இந்தக் குரலில் சொன்னதில்லை.

நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார். இன்னும் என்னவெல்லாம் செய்தாய் என்று கேட்க வேண்டுமாம். என்னிடம் நிறைய இருக்கிறது, இந்த அக்டோபர் தாண்டியும் போதும். இருப்பதிலேயே நல்லதாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போவேன். ஒவ்வொன்றையும் உன் பேருக்குக் கொடுக்கும்போது வயிறு எரியும். எரியட்டும்.