ரமலானில் கொழுத்த பூனை

அன்புள்ள உங்களுக்கு,

நேரில் கேட்டால் சிரித்து மழுப்புவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் டாக்டர் கர்சல்லியைத்தான் சந்தேகித்தேன். எடை குறையாத உங்களுக்குக் குடல் புற்று அறுவை சிகிச்சையை ஏன் தள்ளிப்போடுகிறார்? மருத்துவமனையில் படுக்கை இல்லாததை மறைக்கிறாரோ? "எடையை நம்பாதீங்கம்மா. உடம்புல நீர் கோத்திருக்கு, தசை கரைஞ்சிடுச்சு. இப்படியே வெட்டினா புண் ஆறாது, எழுந்து நடக்கவும் மாட்டார். நல்லா சாப்பிட வச்சு, நடக்க வச்சு கூட்டிட்டு வாங்க" என்றார். ஸ்கேனைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

தினமும் உங்களுக்கு முட்டையும் மீனும் மூடி வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிறேன். தட்டு காலியாகிறது. ஆனால் நேற்று மருத்துவமனையில் கைப்பிடி வலு அளக்கும் கருவியை அழுத்தினீர்களே, முள் முன்பைவிடக் கீழேயே நின்றது. ஸ்ஃபாக்ஸ் நகரம் முழுவதும் நோன்பிருக்கும் பகலில் நம் மாடிப்படிப் பூனை மட்டும் கொழுக்கிறது.

இன்று சீக்கிரம் வந்தேன். படியில் உங்கள் குரல் கேட்டது.

"சாப்பிடு மகாராணி, நான் நோன்பு. அவகிட்ட போட்டுக் குடுத்துடாதே. அடுத்த ரமலானுக்கு நான் இருப்பேனோ என்னவோ."

சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டேன்.

நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று இமாம் சொன்னபோது நன்றாகத் தலையாட்டினீர்கள்.

நாளை மதியம் இரண்டு தட்டு வைப்பேன். நானும் நோன்பை விடுகிறேன். நீங்கள் விழுங்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பேன். விட்ட நோன்புகளைப் பகல் குறுகிய குளிர்காலத்தில் பிடித்துக்கொள்ளலாம். தனியாகப் பிடிக்க எனக்கு விருப்பமில்லை.

காலித் தட்டை இனி நம்பாத,
உங்கள் மனைவி