முனிக்கு நேர்ந்த பொட்டலம்

என் உசிரான அண்ணனுக்கு,

நீ கண்ணை மூடி மூன்று மழைக்காலம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இன்று எழுதினால் ஏதோ காரியமாகத்தான் இருக்கும் என்று சிரிப்பாய். காரியம்தான் அண்ணே. வருகிற ஞாயிற்றுக்கிழமை கண்டியில் ஒரு மண்டபத்தில் பேசப்போகிறேன். தலைப்பைக் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாய். கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்கலாமா, கூடாதா? நான் அனுமதிக்கலாம் என்கிற பக்கம்.

பென்ஷன் எடுத்தும் டீச்சர் புத்தி போகவில்லை. ஒரு மாதமாகக் குறிப்பு எடுக்கிறேன். சட்டத்தை வாசித்தேன். கம்பளையில் ஒரு ஆயுர்வேத வைத்தியரைப் பார்த்து, அனுமதியோடு சில மருந்துகளில் அதே இலை சேர்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டேன். எதிர்ப்பக்கத்தையும் விடவில்லை. வளரும் பிள்ளைகளின் மூளையை அது கெடுக்கும், சிலருக்குப் புத்தியே பேதலிக்கும் என்கிறார்கள். அது பொய்யில்லை. அதனால்தான் வயதுக் கட்டுப்பாடு வேண்டும், விற்கிறவனுக்கு லைசன்ஸ் வேண்டும் என்கிறேன். ஒளித்து விற்கிறவன் பிள்ளையின் வயதைக் கேட்பானா?

பிறகு உன் கதைக்கு வந்தேன். ஒரு சின்னப் பொட்டலத்துக்காக ஒருவனுடைய வாழ்க்கை எப்படிப் போனது என்று எழுதினேன். 'ஒரு தோட்டத் தொழிலாளி' என்று எழுதினேன். அவ்வளவுதான்.

என்னோடு படிப்பித்த ரிஸ்வியாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். கெலிஓயாக்காரி, கணக்கு டீச்சர், கஞ்சா என்ற பேரைக் கேட்டாலே முகம் சுளிப்பவள். எதிரியிடம் காட்டினால்தானே ஓட்டை தெரியும்? கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்: "எல்லாம் சரியா இரிக்கி டீச்சர். இந்தத் தொழிலாளி ஆரு? பேரும் இல்ல, ஊரும் இல்ல. இப்பிடி ஒரு ஆள் இருந்தாருன்னு ஆரு செல்றது?"

தேத்தண்ணி ஊற்றுகிற சாக்கில் குசினிக்குள் போய் நின்றேன். சீ, என்ன பிழைப்பு! எழுத்திலும் உன்னைத் தெரியாது என்றுதானே சொல்லியிருக்கிறேன்.

அந்த நாளை நாம் இரண்டு பேரும் ஒருநாளும் பேசவில்லை. இப்போது பேசுகிறேன், கேள்.

எனக்கு டீச்சர் நியமனம் கிடைத்தால் முனியாண்டிக்குப் படையல் போடுவதாக நேர்ந்திருந்தேன். நம் ஹுன்னஸ்கிரிய தோட்டத்து முனிக்குச் சுருட்டும் சாராயமும் கஞ்சாவும் வைப்பது பாட்டன் காலத்து வழக்கம். நேர்ந்தவள் பொம்பளை என்றால் கூடப்பிறந்தவன் வாங்கிக் கொடுக்க வேண்டும். பூசாரியும் நீயே, அண்ணனும் நீயே. கண்டியில் நான் நியமனக் கடிதத்தைக் கையில் வாங்க, நீ கடைவீதியில் மற்றதெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தாய். பஸ்ஸில் முன் சீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டாய்: "எந் தங்கச்சி டீச்சராயிருச்சுங்க. சிங்களம் தண்ணியாட்டம் பேசும்."

யுத்த காலம். திகனைக்குக் கிட்ட பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை பார்த்தார்கள். உன் பையைக் கவிழ்த்தார்கள். சூடம், வெற்றிலை, சுருட்டு, கால் போத்தல் சாராயம், அந்தப் பொட்டலம். பொலிஸ்காரர் சாராயப் போத்தலைப் பைக்குள் திரும்ப வைத்தார். பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு உன் சட்டையைப் பிடித்தார். என் பக்கம் திரும்பி, இந்த ஆளைத் தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டார்.

"அந்துனன்னே நே" என்றேன். தெரியாது என்றேன், அண்ணே. நீ பீற்றிய அதே சிங்களத்தில்.

மடியில் நியமனக் கடிதம் இருந்தது. அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தேன். நீ ஒரு தடவை என்னைப் பார்த்தாய், பிறகு தலையைக் குனிந்துகொண்டு இறங்கினாய். பஸ் போனது. சீட்டில் கிடந்த மிச்சப் பையை நான்தான் தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். பாதி லயத்தின் குடியைக் கெடுத்த சாராயம் என்னோடு ராஜாவாட்டம் வீட்டுக்கு வந்தது. என் வாதத்தில் இதைவிடப் பெரிய சான்று எது?

இரண்டு கிழமை மறியல் சிறையில் இருந்து வந்தாய். குற்றத்தை ஒத்துக்கொண்டாயாம். சாமிக்கு என்றும் சொல்லவில்லை, யாருடைய நேர்த்தி என்றும் சொல்லவில்லை. தாடியோடு வாசலில் நின்று நீ கேட்டது ஒரே கேள்வி.

"ஒன்னய யாராச்சும் ஏதாச்சும் கேட்டாங்களா பாப்பா?"

"இல்லண்ணே."

"அப்பச் சரி."

எது சரி அண்ணே? கைக்கு எட்டிய கங்காணி வேலை வாய்க்கு எட்டவில்லை. கட்டாருக்குப் போகலாம் என்றால் பொலிஸ் ரிப்போர்ட் குறுக்கே நின்றது. பூசாரிப் பொறுப்பை வேறு ஆளிடம் கொடுத்தார்கள். ஒரு நாளும் கஞ்சா குடித்தறியாத உனக்குக் கஞ்சாக்காரன் என்று பேர். நான் என்ன செய்தேன்? முப்பது வருசம் பிள்ளைகளுக்கு உண்மை பேசு என்று படிப்பித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு ஊருக்குத்தான் உபதேசம்!

குசினியிலிருந்து வந்து ரிஸ்வியாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நான் இன்னும் உங்கட கட்சி இல்ல டீச்சர். ஆனா இத மேடையில செல்லாம விட்டா, மத்ததையும் செல்ல வாணாம்."

உன் மகள் செல்வி முன்வரிசையில் இருப்பாள். அப்பா கஞ்சா குடித்து மாட்டியவர் என்றுதான் அவள் இன்றுவரை நினைக்கிறாள். யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். என் மேல் மட்டும் அவளுக்கு அத்தனை மரியாதை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அத்தை என்று கூப்பிடுவாளோ என்னவோ. பயமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் உனக்கு வாக்குத் தருகிறேன். சட்டம், வைத்தியர், லைசன்ஸ் எல்லாம் பிறகு. எழுந்தவுடன் செல்வியின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்: "அந்தப் பொட்டலம் என்னுடையது. பொலிஸ் பிடித்துக்கொண்டு போனவரை எனக்குத் தெரியும். அவர் என் அண்ணன்."

அன்று பஸ்ஸில் உன் பக்கத்தில் இருந்த,
உன் கூடப்பிறந்த தங்கச்சி,
பாப்பா